இன்னொரு நட்சத்திரம்

சிராங்கூன் சாலைக் கோயிலில் மாலை வெயில் அர்ச்சனைத் தட்டுகளில் மின்னுகிறது. அலுவலக அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாத இளமதி தன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்கிறாள். “குடும்பத்துல வேற யாரு?” என்கிறார் குருக்கள். வெள்ளிக்கிழமைதோறும் இதற்கு இல்லையென்று தலையாட்டுபவள், இன்று பக்கத்தில் நிற்கும் பெண்மணியைத் திரும்பிப் பார்க்கிறாள். பிடோக்கிலிருந்து இருவரும் ஒரே பேருந்தில்தான் வருகிறார்கள். மாதக்கணக்கில் ஒரு சிரிப்போடு சரி. “அக்கா, உங்க நட்சத்திரம் என்ன?” “எதுக்கு லா?” கேட்டுவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியை மேலேற்றி அவளை உற்றுப் பார்க்கிறார். “சும்மாதான்க்கா.” இளமதியின் விரல் மல்லிகைச் சரத்தின் நூல்முனையைச் சுற்றிச் சுற்றி இறுக்குகிறது. “சுவாதி.” “அவங்க பேரு?” குருக்கள் இளமதியிடம்தான் கேட்கிறார். அவளுக்குத் தெரியாது. “சாமுண்டீஸ்வரி,” என்கிறார் அக்காவே. குருக்கள் இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் சொல்லியபடி உள்ளே போகிறார்.