முதல் பெஞ்சுத் தலைவர்

"மேடம், தலைவரோட வீட்டுக்காரர் கிராம சபை மேடையில உக்காரலாமா, கூடாதா?"

முதல் பெஞ்சிலிருந்து எழுந்து கேட்டவர் கோதண்டபாணி. ஐம்பதை நெருங்கும் வயது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி.

திருத்தணியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கும் தொலைநிலைக் கல்வி வகுப்பு அது. பி.ஏ. அரசியல் அறிவியல், முதலாம் ஆண்டு. உள்ளாட்சி பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தாள் கவிதா.

"கிராம சபைக்குத் தலைமை தாங்க வேண்டியது ஊராட்சித் தலைவர். அவங்க கணவர் ஊர் ஜனத்தோட ஜனமா கீழ உக்காரலாம். மேடையில இல்லை."

"மேடையில ஒரு ஓரமா?"

"ஓரமாகூட இல்லை."

வகுப்பு சிரித்தது. கோதண்டபாணி சிரிக்கவில்லை.

"எந்தச் சட்டத்துல இருக்குதுங்க?" என்று கேட்டு, அவள் சொன்னதை எழுதிக்கொண்டு உட்கார்ந்தார்.

எப்போதும் இப்படித்தான். ஒரு வாரம், தலைவருக்குப் பதிலா வேற யாராவது கையெழுத்துப் போடலாமா என்பார். இன்னொரு வாரம், தலைவர் நாற்காலியில வேற ஆள் உக்காந்தா இன்னா தப்பு என்பார். பிளேட்டோ, அரிஸ்டாட்டில் நடத்தும்போதெல்லாம் கொட்டாவிதான்.

இடைவேளையில் டில்லிபாபுவைக் கூப்பிட்டு விசாரித்தாள் கவிதா. பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டிக்கொண்டே படிக்கிறவன்.

"அவரு எங்க பக்கத்து ஊருதான் மேடம். அவரு சம்சாரம் நிர்மலாதான் பிரசிடெண்ட். ஊராட்சியை லேடீஸுக்கு ஒதுக்கிட்டாங்க, அதனால அவங்களை நிக்க வச்சாரு. ஆனா ஊர்ல எல்லாரும் 'தலைவரே'ன்னு கூப்பிடறது இவரைத்தான்."

"அப்போ அந்தம்மா?"

டில்லிபாபு ஜன்னல் வழியே கை காட்டினான். புங்க மரத்தடியில், சிமெண்ட் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டிபன் கேரியர்.

"அதோ, அவங்கதான். ஒரு ஞாயித்துக்கிழமை தவற மாட்டாங்க. கிளாஸ் முடியற வரைக்கும் அங்கியே உக்காந்துகினு இருப்பாங்க."

கவிதாவுக்குச் சுரீரென்றது. தலைவர் மரத்தடியில் சோற்று மூட்டையோடு காத்திருக்க, தலைவரின் புருஷன் ஃபேனுக்குக் கீழே அதிகாரப் பாடம் படிக்கிறாரா?

இடைவேளைக்குப் பிறகு அவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

"இட ஒதுக்கீடு எதுக்குக் கொடுத்தாங்க? பொம்பளைங்க ஆளறதுக்கு. பொண்டாட்டி பேரைச் சொல்லிப் புருஷன் ஆளறதுக்கு இல்லை. சில பேரு நாற்காலியைப் பிடுங்கிக்கிட்டது போதாதுன்னு, அவங்க படிக்க வேண்டிய படிப்பையும் தானே வந்து படிக்கிறாங்க!"

அவள் யாரைப் பார்த்துப் பேசுகிறாள் என்று வகுப்புக்கே புரிந்தது.

கோதண்டபாணி தலையைக் குனிந்துகொண்டு அதையும் எழுதிக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்ததும் நேராகப் புங்க மரத்தடிக்குப் போனாள் கவிதா. நிர்மலா போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆங், நான்தான் சொல்றேன். சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள காலனித் தெருவுல லைட்டு எரியணும். சாக்கு சொல்லாதீங்க."

போனை வைத்துவிட்டுச் சட்டென்று எழுந்து நின்றாள். "வாங்க மேடம். உக்காருங்க."

"நீங்க உக்காருங்கம்மா. நீங்க இப்படி வெளிய காத்துக்கிட்டு இருக்கிறதைப் பார்க்க எனக்கு மனசே ஆறலை. அடுத்த வருஷம் நீங்க வந்து சேருங்க. அப்ளிகேஷன் நான் வாங்கித் தர்றேன். உங்க வீட்டுக்காரர்கிட்டயும் நானே பேசறேன்."

நிர்மலா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"நான் பி.ஏ. பொலிடிகல் சயின்ஸ்தானுங்க. கல்யாணத்துக்கு முன்னாலேயே முடிச்சிட்டேன்."

கவிதா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"படிச்சுமா எல்லாத்தையும் அவர்கிட்ட விட்டுட்டு உக்காந்திருக்கீங்க?"

"விட்டுடுவனா? ஜெயிச்ச மறுநாளே ஆபீஸ்ல என் நாற்காலியில போய் உக்காந்தாரு. சொல்லிப் பார்த்தேன். சண்டை போட்டேன். சொந்த அத்தை பிள்ளைதாங்க இவரு, எனக்குப் பாவா முறை. நல்ல மனுஷன்தான். ஆனா பொண்டாட்டி சொன்னா காதுல ஏறாது. அதையே ஒரு வாத்தியாரு சொன்னா எழுதி வச்சிக்குவாரு."

கவிதா வகுப்பறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோதண்டபாணி வாசலில் நின்று டில்லிபாபுவிடம் எதையோ கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"நாற்காலி விஷயம் நீங்க சொன்னீங்களாமே, மறுநாளே எழுந்துட்டாரு மேடம். இப்பல்லாம் மனு எடுத்துகினு வர்றவங்ககிட்ட, 'அம்மா உள்ள இருக்காங்க, போய்ப் பாருங்க'ன்னு அவரே அனுப்பறாரு. மேடை ஒண்ணுதான் பாக்கி இருந்தது. அதுவும் கூடாதுன்னுட்டாங்கன்னு இப்ப டீ குடிக்க வந்தப்ப மூஞ்சைத் தொங்கப் போட்டுகினு சொன்னாரு."

"அப்போ நீங்க இங்க உக்காந்திருக்கிறது...?"

"நான் இல்லன்னா பாதியில எழுந்து ஊருக்கு பஸ் ஏறிடுவாரே!"

கவிதா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "அதெல்லாம் சரி. இவ்வளவு பெரிய மனுஷனுக்கு இந்த வயசுல படிக்கணும்னு எப்படித்தான் தோணுச்சு?"

நிர்மலா அவள் காதருகே குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பேனர்ல பேருக்குப் பின்னால பி.ஏ.ன்னு போட்டுக்கலாம்னு ஆசை காட்டி, இங்க கூட்டியாந்து சேர்த்துவிட்டதே நான்தானுங்க!"