எதிர்த்தரப்பு

திரையில் சிறுவட்டம் சுழன்றுகொண்டிருந்தது. மேசைக்கடியில் யசோதினியின் வலக்கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது.

எதிரே சட்டத்தரணி அருமைநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றித் துடைத்தார். ஏழு இளம் சட்டத்தரணிகள் வேலை செய்யும் அலுவலகம் அவருடையது. அவளுடைய மென்பொருளை வாங்க அவர் சம்மதித்தால், கம்பனிக்கு அதுவே முதல் வாடிக்கை. மறுத்தால் கம்பனி இந்த மாதத்தோடு மூடப்படும்.

மூன்று வருடமாக அவள் உருவாக்கிய மென்பொருளைக் காவல்நாய் என்றே சொல்லலாம். புதிதாக ஒருவர் படியேறி வந்தால், அவருக்கு எதிராக அதே அலுவலகம் முன்னரே வழக்கு எடுத்திருக்கிறதா என்று கோப்புகளையெல்லாம் மோந்து பார்க்கும். இருந்தால் சிவப்பு எரியும். வழக்குக் கொடுத்தவர் யார் என்பதை மட்டும் ஒருபோதும் காட்டாது.

அந்த அடக்கத்தில்தான் அவளுக்குப் பெருமை அதிகம்.

அவருடைய அலுவலகக் கோப்புகளை ஏற்றிப் பத்துப் பெயர்களைப் போட்டாயிற்று. பத்தும் பச்சை.

“பச்சை காட்டுறதுக்கு மெஷின் என்னத்துக்கு, பிள்ளை?” என்று சிரித்தார் அருமைநாயகம். “சரி, இனி இந்தக் கந்தோருக்கு வந்துபோகப் போறது நீங்க. உங்கட பேரையே போடுங்க பாப்பம்.”

போட்டாள். வட்டம் சுழன்றது.

யன்னலுக்கு வெளியே வெயிலில் வாவி கண்ணைக் கூசவைத்தது. கீழே வாசலில் மோட்டார் சைக்கிளில் தம்பி உதயரூபன் காத்திருந்தான். இந்தச் சந்திப்பை ஒழுங்குசெய்து தந்தவன் அவன்தான். காலையில் கல்லடிப் பாலத்தில் வரும்போதுகூடப் பகிடி விட்டான்: “இது சரிவந்தா நீங்க கொழும்புக்குப் போயிருவீங்க. பிறகு இஞ்ச வீடு என்னத்துக்கு அக்கா?”

சிவப்பு எரிந்தது.

எதிர்த்தரப்பு: நாகமணி யசோதினி, தேற்றாத்தீவு. விடயம்: தாய் எழுதிக்கொடுத்த வீட்டு உறுதிப்பத்திரத்தை இரத்துச்செய்தல்.

மூத்த மகளுக்கென்று ஊர்வழக்கப்படி அம்மா எழுதிவைத்த வீடு.

அருமைநாயகம் இருமுறை வாசித்தார். இளையவர்களில் ஒருவர், அவருக்குத் தெரியாமலே எடுத்த, இன்னும் நீதிமன்றம் போகாத வழக்காக இருக்கவேண்டும். கணினியை மெல்ல மூடினார்.

“உங்கட சாமான் திறமா வேலை செய்யுது, மகள். அதாலதான் எனக்கு இதை வாங்க ஏலாது. எதிர்த்தரப்பை எங்கட கோப்புகளுக்குள்ள விட ஏலாதே. முதல் வந்தது மற்றப் பக்கம்.”

யார் என்று கேட்க வாயெடுத்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். சொல்லக்கூடாது என்று பழக்கியவளே அவள்தானே.

படியிறங்கி வந்தவளிடம் தம்பி தலைக்கவசத்தை நீட்டினான்.

“என்னக்கா, சரிவந்ததா? ஐயா நல்ல மனிசன் எண்டு சொன்னன்தானே!”

அவள் அதைக் கையில் வாங்கினாள், மாட்டவில்லை. மூன்று கிழமைக்கு முன், தனக்குப் பழக்கமான சட்டத்தரணி ஒருவர் இருக்கிறார் என்று அவன் சொன்னபோது, சந்தோஷத்தில் அவள் ஒன்றைக் கேட்க மறந்திருந்தாள்.

வழக்கு வம்பு எதுவுமில்லாமல் ஐஸ் லொறி ஓட்டித் திரியும் அவனுக்கு, ஒரு சட்டத்தரணி எப்படிப் பழக்கமானார் என்று.