ஓடிபி வந்த போன்

"தலைவரே, கிழக்குத் தெருக் குழாய் மனு மறுபடியும் ஆன்லைன்ல வந்திருக்குதுங்க" என்று ஊராட்சிச் செயலர் தமிழ்ச்செல்வன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த வெங்கடாசலம் எரிந்து விழுந்தார். "போன வாரமே 'சரி செய்யப்பட்டது'ன்னு பதில் போட்டோமில்ல?"

"போட்டோமுங்க. காய்ஞ்ச குழாயப் படம் புடிச்சுத் திரும்ப அனுப்பியிருக்காங்க."

"எவன் அவன்?"

"பேரு நமக்குக் காட்டலீங்க."

"தேர்தல்ல தோத்தவனாத்தான் இருப்பான். நேர்ல வந்து கேக்கத் துப்பில்ல. அதே பதிலப் போட்டு மனுவ முடிச்சு வுடுங்க."

அவர் மனைவி அமுதவல்லி சட்னி ஊற்றிக்கொண்டே, "அங்க இருபது நாளா தண்ணி இல்லீங்களே" என்றாள்.

"ஊர் வேலையில நீ எதுக்கு வாயக் குடுக்கற?"

தமிழ்ச்செல்வன் பதிலைத் தட்டி முடித்தார். "ஓடிபி சொன்னா அனுப்பிரலாமுங்க."

"அமுதா, உன் போனுக்கு நம்பர் வந்திருக்கும். பாத்துச் சொல்லு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அதில் இரண்டு செய்திகள் இருந்தன.

காலையில் வந்தது: 'மனுதாரர் அமுதவல்லி அவர்களுக்கு, உங்கள் மனு ஊராட்சித் தலைவருக்கு அனுப்பப்பட்டுள்ளது.'

இப்போது வந்தது: 'ஊராட்சித் தலைவர் அமுதவல்லி அவர்களுக்கு, மனுவை முடித்துவைக்க உங்கள் ஓடிபி.'

இரண்டையும் நிதானமாகப் படித்தாள்.

"என்ன, வரலியா?" என்றார் வெங்கடாசலம்.

"வந்திருச்சுங்க. கிழக்குத் தெருவுல தண்ணி வந்ததும் சொல்றேன்."