கல்லெறி தூரம்

"தூரத்தையும் நேரத்தையும் சரியா அளக்கத் தெரிஞ்ச பாஷை உலகத்திலே ஒண்ணே ஒண்ணுதான். இங்கிலீஷ்."

கண்டோன்மெண்ட் மாதா கோயில் வாசலில் நின்றபடி ஸ்ரீகண்டன் இப்படித் தீர்ப்புச் சொன்னான். கேட்க அவன் காலேஜ் சிநேகிதன் ஆம்ப்ரோஸ் ஒருவன்தான் இருந்தான். அவனும் கொய்யாக்காய் தின்றுகொண்டிருந்தான்.

ஸ்ரீகண்டன் பி.ஏ. தேறி இரண்டு வருஷமாகிறது. அவனுக்குப் பேசி வைத்திருக்கும் ருக்மிணியின் அப்பா, "உத்தியோக ஆர்டர் கையிலே வரட்டும், அப்புறம் லக்னப் பத்திரிகை எழுதலாம்" என்று சொல்லிவிட்டார். இன்று நாலு மணிக்கு மில் மானேஜர் ஓஸ்வால்ட் துரையின் வீட்டில் குமாஸ்தா வேலைக்குப் பேட்டி. மணி மூன்றரை.

துரையின் கடிதத்தில் இரண்டே வரி. வீடு மாதா கோயிலிலிருந்து 'எ ஸ்டோன்ஸ் த்ரோ'. நாலு அடித்தபின் வருகிறவரைப் பார்ப்பதற்கில்லை.

"பாத்தியா, கல்லெறி தூரம்! கல்லுக்கு எடை உண்டு, கைக்குப் பலம் உண்டு. ரெண்டையும் பெருக்கினா தூரம். இது சயின்ஸ். நம்ம பாஷையிலே என்ன இருக்கு? கூப்பிடு தூரம். யார் கூப்பிடறது? எங்க மாமா கூப்பிட்டா மல்லேஸ்வரம் வரைக்கும் கேக்கும். நீ கூப்பிட்டா உனக்கே கேக்காது."

"நேரத்துக்கு?"

"நமக்கு வெத்தலை போடற நேரம். அவன் பாரு, ஆட்டுக்குட்டி வாலை ரெண்டு ஆட்டு ஆட்டற நேரம்ங்கறான். ரெண்டு. மூணு இல்லே."

ஆம்ப்ரோஸ் கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "மூலையிலே இன்னாடா இது, வெள்ளையா விரல் ரேகை? சுண்ணாம்பு மாதிரி கீது."

"சுண்ணாம்பேதான். டென்னிஸ் கோர்ட்டுக்குக் கோடு போடறது. துரை ஆட்டக்காரர்."

கொய்யாக்காய்க் கூடைக்காரியிடம் ஆம்ப்ரோஸ் வழி கேட்டான். அவள் முகவாய்க்கட்டையை எதிரே பிரிந்த மூன்று சந்துகளுக்கும் பொதுவாக நீட்டி, "தோ, கூப்பிடு தூரந்தான் சாமி" என்றாள்.

"எத்தனை கெஜம்?" என்றான் ஸ்ரீகண்டன்.

"கெஜமா? நான் இன்னா துணியா விக்கறேன்?"

ஸ்ரீகண்டன் சிநேகிதனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அப்பால் வந்தான். ஆம்ப்ரோஸ் காலேஜ் கிரிக்கெட் டீமில் பந்து போடுகிறவன். அவன் கையில் ஸ்ரீகண்டன் ஒரு கல்லைக் கொடுத்தான்.

கிழக்கே எறிந்த கல் பேக்கரியின் தகரக் கூரையில் விழுந்தது. உள்ளேயிருந்து தக்னி உருதுவில் வசவு வந்தது, துரை வரவில்லை. வடக்கே எறிந்தது ஒரு குதிரை லாயத்தில் விழுந்தது. மேற்கே விழுந்த இடம் கல்லறைத் தோட்டம்.

"இங்க கீறவங்க யாரும் வேலை குடுக்க மாட்டாங்க" என்றான் ஆம்ப்ரோஸ்.

"நீ எறிஞ்சது தப்பு. வெள்ளைக்காரன் கை நீளம். இன்னும் இருபது கெஜம் சேத்துக்கணும்."

இருபது கெஜம் சேர்த்துக்கொண்டு இருவரும் மறுபடியும் மூன்று திசையிலும் நடந்தார்கள். பேக்கரிக்குப் பின்னால் சாக்கடை, லாயத்துக்குப் பின்னால் சாணிக் குவியல், கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் மிச்சக் கல்லறைகள். துரை இருக்கிற மாதிரி ஒரு பங்களாவும் கண்ணில் படவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கோயில் கடியாரத்தில் நாலுக்கு இரண்டு நிமிஷம்.

"பேசாம ஒரு வாட்டி கூப்பிட்டுப் பாருடா."

"நானா? நடுத்தெருவிலேயா? நான் பி.ஏ.டா."

"ருக்மிணி அப்பாவும் அதைத்தானே சொல்றாரு. வெறும் பி.ஏ.ன்னு."

அடிப்பதற்கு முன்னால் கடியாரம் வழக்கமாகப் போடும் கரகர சத்தம் மேலே தொடங்கியது.

ஸ்ரீகண்டன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். கோட்டுப் பித்தானைச் சரிசெய்தான். ஆம்ப்ரோஸுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் வாயருகில் குவித்துக்கொண்டான்.

"ஓஸ்வால்ட் சார்... ஓ...!"

மாமாவின் தொண்டை அவனுக்கும் வாய்த்திருந்தது. புறாக்கள் கோபுரத்தை விட்டுக் கிளம்பின. மூன்றாவது சந்தின் கோடியில், வேப்பமரத்துக்குப் பின்னால், ஓட்டு வீடு ஒன்றின் கதவு திறந்தது.

"யாருப்பா? வரேன், வரேன்."

இருவரும் ஓடினார்கள். முதல் மணி அடிக்கும்போது வேப்பமரம். மூன்றாவது அடிக்கும்போது வாசற்படி.

படியில் நின்றவர் நல்ல கறுப்பு. இடுப்பில் நாலு முழ வேட்டி, கழுத்தில் ஜெபமாலை, ஒரு கன்னம் நிறைய வெற்றிலை. ஆட்காட்டி விரல் நுனியில் மிச்சச் சுண்ணாம்பு இருந்தது. ஸ்ரீகண்டன் கையிலிருந்த கடிதத்தின் மூலையைப் பார்த்தான். பிறகு அந்த விரலைப் பார்த்தான்.

"வாங்க தம்பி. கரெக்ட் டைம்" என்றார் அவர். "நாலு பேருக்கு லெட்டர் போட்டேன். வந்து சேந்தது நீங்க ஒருத்தர்தான். வேலை உங்களுக்குத்தான்."

"தேங்க்யூ சார்" என்றான் ஸ்ரீகண்டன். மூச்சு வாங்கியது. ஆனாலும் சந்தேகம் விடவில்லை. "லெட்டர்லே ஸ்டோன்ஸ் த்ரோன்னு போட்டிருந்தீங்களே சார்?"

அவர் சங்கடத்தோடு தெருவோரம் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"கூப்பிடு தூரத்துக்கு இங்கிலீஷ்லே வார்த்தை கிடைக்கலே தம்பி."