கட்டிப்பிடித்தால் தெரியாத உறை

"இந்த உறையும் வேணாம் அண்ணே. கட்டிப்பிடிச்சா தெரிஞ்சுடும்" என்றாள் டார்லா.

ஆர்லிஸ் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஓக்லஹோமாவில் இருபது வருடமாகத் துப்பாக்கிக் கடை நடத்துகிறார். உடைக்குள் மறைத்துக் கட்டும் துப்பாக்கி உறை வாங்க வருகிறவர்கள், குனிந்தால் தெரியுமா, காரில் உட்கார்ந்தால் குத்துமா என்றெல்லாம் கேட்பார்கள். இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை.

"யாரும்மா அப்படிக் கட்டிப்பிடிக்கப் போறாங்க?"

"என் மாமியார்தான். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் அவங்க வீட்லதான் சாப்பாடு. வாசல்லயே இடுப்போட சேர்த்து ஒரு பிடி பிடிப்பாங்க பாருங்க, எலும்பு நொறுங்கிடும்!"

டார்லா வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். ஆள் அரவமில்லாத பண்ணைச் சாலைகளில் ஒரு வண்டி முப்பது மைல் அவளைப் பின்தொடர்ந்து வந்த நாளிலிருந்து கைத்துப்பாக்கி இல்லாமல் கிளம்புவதில்லை.

"கைப்பையில வெச்சுக்கோயேன்."

"பசங்க மிட்டாய் தேடிக் கையை விடுவாங்க."

"காருக்குள்ள?"

"அவங்க தெருவுல ஒரு மாசமா கார் கண்ணாடியை உடைச்சுத் திருடறாங்க அண்ணே."

"அப்போ மாமியார்கிட்ட சொல்லிடேன்."

"நல்லா சொன்னீங்க! 'துப்பாக்கியோடு உள்ளே வராதே'ன்னு வாசல்ல போர்டு மாட்டி வெச்சிருக்கற மனுஷி அவங்க." அவள் குரல் இறங்கியது. "சந்தேகம் வந்துடுச்சோன்னு பயமா இருக்கு. மூணு வாரமா தோளை மட்டும் தொட்டுட்டு விலகிடறாங்க. எனக்கு அம்மா இல்லை அண்ணே. அந்தப் பிடிக்காகவே வாரம் பூரா காத்துக்கிட்டிருப்பேன்."

ஆர்லிஸுக்கு மனசு கேட்கவில்லை. சிவப்பு பிளாஸ்டிக்கில் செய்த டம்மித் துப்பாக்கியை ஒவ்வொரு உறையாகச் செருகிப் பார்த்தார். அக்குளுக்கடியில் வைத்தால் மாமியாரின் கை அங்கேதான் வளைக்கும். முதுகுப்பக்கம் அதைவிட மோசம். கடைசியில் கீழ் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தார்.

"கணுக்கால்ல கட்டறது. விசையை முழுசா மூடிடும், தவறி விரல் படாது. காலைக் கட்டிப்பிடிக்கற மாமியாரை நான் பார்த்ததில்லை."

டார்லா சிரித்துவிட்டாள். கட்டிக்கொண்டு நடந்தாள், உட்கார்ந்தாள், கால்மேல் கால் போட்டுப் பார்த்தாள். பேன்ட்டுக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"இதே போதும் அண்ணே!"

"அதிர்ஷ்டக்காரிதான். இந்த அளவுல இது ஒண்ணுதான் மிச்சம்."

அவள் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். கதவு மணி கிணுகிணுத்தது. வெள்ளைத் தலையும் வாட்டசாட்டமான உடம்புமாக ஓபல் உள்ளே வந்தாள். கோட்டைத் தூக்கி, இடுப்பிலிருந்து ஓர் உறையைக் கழற்றிக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள்.

"ஆர்லிஸ், போன மாசம் நீ குடுத்த இது சரிப்படலைப்பா. தெருவுல திருட்டு பயம், இல்லாமலும் இருக்க முடியலை. ஆனா போர்டு மாட்டினவளே துப்பாக்கி வெச்சிருக்கறது தெரிஞ்சா என் மருமக சிரிக்க மாட்டாளா? அதுக்குப் பயந்து மூணு வாரமா அவ தோளை மட்டும் தொட்டு அனுப்பறேன். டார்லா முகம் வாடறதைப் பார்க்க முடியலைப்பா. கால்ல கட்டற மாதிரி ஏதாவது இருந்தா குடேன்."