இரண்டு சொல் வசனம்

"இன்னைக்கும் அதே வசனமா? வெட்கமே இல்லையாடி உனக்கு?" என்று தொடையில் தட்டிச் சிரித்தான் அண்ணன்காரன்.

ஆணையிடாதே என்று வேதத்தில் இருப்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஆணையிட்டே சொல்கிறேன்: இந்தக் கதையில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

அந்த வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அப்பா லிஃப்ட் மெக்கானிக். பழுதான லிஃப்டின் கதவில் காதை வைத்தால் போதும், எந்தத் திருகு எந்த வருஷம் தளர்ந்தது என்று சொல்லிவிடுவார். ஒரு தடவை பதினோராம் மாடியில் நின்றுபோன லிஃப்டை ஒரே தும்மலில் கீழே இறக்கினார், பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர் ஜெபம் பண்ணினால் மட்டும் அந்தப் பதினோரு மாடியையும் படியில் ஏறி இறங்கின மாதிரி இருக்கும். சாப்பாடு இரண்டு தடவை ஆறி, இரண்டு தடவை சூடாகும்.

ஜெபத்துக்கு முன்னால் ஆளுக்கொரு வசனம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். சொன்னதும் அப்பா "ஆமென்" என்பார். அப்புறம் அடுத்த ஆள். அது வீட்டுச் சட்டம்.

சின்னவளுக்குப் பன்னிரண்டு வயது. பட்டப்பெயர் ரேடியோ. பேசாமல் இருந்தால் மிட்டாய் என்று அம்மா ஒரு தடவை ஆசை காட்ட, அந்த மிட்டாயைப் பற்றியே மூன்று நாள் பேசினாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் வேதத்திலேயே மிகச் சின்ன வசனத்தைச் சொன்னாள். ஆண்டவர் அழுதார் என்கிற அந்த வசனம்தான். இரண்டே சொல். படிக்காத பிள்ளைகள் எல்லா வீட்டிலும் அதைச் சொல்லித்தான் தப்பிப்பார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். பத்து நாள் ஆயிற்று.

"சோம்பேறிக் கழுதை," என்றாள் அம்மா. "ஒரு சங்கீதம் படிச்சா வாய் தேஞ்சா போயிடும்?"

"ரேடியோவுக்கு பேட்டரி தீந்துபோச்சும்மா," என்றான் அண்ணன்.

ரேடியோ தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாளும் அதே இரண்டு சொல். அண்ணன் தொடையில் தட்டியது அன்றைக்குத்தான். அப்பா "ஆமென்" சொல்ல வாயைத் திறந்தவர், மூடினார்.

"ஏன்மா கண்ணு, தினமும் இதையே சொல்றே?"

வீடு அசையாமல் நின்றது. சொட்டிக்கொண்டிருந்த குழாய்கூட நின்றது. பிளம்பர் மூன்று தடவை வந்தும் நிற்காத குழாய் அது.

"அவர் அழுததை எழுதியாவது வெச்சிருக்காங்கப்பா," என்றாள். "நான் அழுறது யாருக்குமே தெரியலை."

வகுப்பில் ஐந்து வாரமாக ஒருத்தியும் அவளோடு பேசுவதில்லை. கூடிப் பேசி எடுத்த முடிவு. மத்தியானச் சாப்பாட்டைக் கழிவறைக்குள் நின்றே சாப்பிட்டு வந்திருக்கிறாள். காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் தேவலை என்று தினமும் தோன்றுமாம்.

"எங்ககிட்ட சொல்றதுக்கென்னடி?" என்றாள் அம்மா.

"ஜெபம் பண்ணு, சரியாயிடும்னு சொல்வீங்க. பண்ணேன்மா. சரியாகலை. எனக்கு விசுவாசம் பத்தலைன்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் அப்பா முதலில் கருவிப்பெட்டியைத் திறக்கமாட்டார். கதவு இடுக்கில் வாயை வைத்து, "நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகமாட்டேன்" என்பார். உள்ளே இருப்பவருக்குப் பாதி பயம் அதிலேயே இறங்கிவிடும். அன்றைக்கு மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதையேதான் சொன்னார். அம்மா பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு அவள் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"நாளைலேருந்து ஸ்கூல் வாசல் வரைக்கும் நான் வரேன்டி," என்று மூக்கை உறிஞ்சினான் அண்ணன். கேட்டதற்கு, சளி என்றான்.

மறுநாள் போதகர் வந்தார். அவள் சொன்னதை இருபது நிமிஷம் வாய் திறக்காமல் கேட்டார். போதகர், இருபது நிமிஷம்! நம்பாதவர்கள் கதையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கடைசியில், "ஜெபமும் பண்ணுங்க, மனநல டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போங்க. ரெண்டுக்கும் நடுவுல வாய்க்கால் வரப்புத் தகராறு எதுவும் இல்லை," என்றார்.

போனார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ரேடியோவில் கரகரப்பு நீங்கியது. ஆறாம் மாதம் ஒரு சாயங்காலம், வேதத்திலேயே மிக நீளமான சங்கீதத்தை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். சாப்பாடு நாலு தடவை ஆறியது. யாரும் முணுமுணுக்கவில்லை.

இப்போது அவளுக்கு நாற்பது வயது. தொலைதூர ஊர் ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பாவுக்குப் போன் பண்ணுவாள். காது பழுத்துவிடும், பேச்சு முடிவதற்குள் போனை ஒரு தடவை சார்ஜில் போட்டெடுக்க வேண்டும்.

எல்லாம் சத்தியம். ஒரே ஒரு திருத்தம்: பதினோராம் நாள் நான் "ஏன்மா" என்று கேட்கவில்லை, எல்லாரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு "ஆமென்" என்றேன், கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போன் வருவது மட்டும் நிஜம். "நல்லா இருக்கேன்" என்று இரண்டே சொல் சொல்வாள், நானும் "ஆமென்" என்று வைத்துவிடுகிறேன்.