பாலம்மாவின் வியாதிகள்

"வந்துட்டா" என்று முணுமுணுத்தாள் நர்ஸ் டொரதி.

பாலம்மாதான். இந்தக் கிழமையும் முதல் ஆள். கடைசி ஆளும் அவளாகத்தான் இருக்கும்.

நாவலப்பிட்டிக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கண்டி டொக்டர் கம்ப்யூட்டரில் வரத் தொடங்கி ஒரு மாதம். புதன்கிழமை திரையைத் திறந்தால் டொக்டர் பர்ஹானா அங்கே இருந்தபடியே பெண்களின் நோய்களை விசாரிப்பார். பஸ் ஏற வேண்டாம். ஒருநாள் சம்பளம் போகாது. இதைவிட என்ன வேண்டும்? ஒரு பெண்ணும் எட்டிப் பார்க்கவில்லை.

கேமராவுக்குப் பயம் என்று டொரதி முடிவு கட்டினாள். வேலைக்குப் புதுசு. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கினாள். படம் பிடிக்காது, பேஸ்புக்கில் போடாது என்று தொண்டை வறளச் சொன்னாள். "சரிங்க மிஸ்ஸி" என்றார்கள். தேத்தண்ணி கொடுத்தார்கள். வரவில்லை.

வந்தவள் பாலம்மா ஒருத்தி. அவளும் ஒழுங்காகவா வந்தாள்? முதல் தடவை வெள்ளைப்படுகிறது என்றாள். அடுத்த தடவை கர்ப்பப்பை இறங்கிவிட்டது என்றாள். பிறகு, தும்மினாலே சிறுநீர் போகிறதாம். கொடுத்த மாத்திரையைத் தொடக்கூட இல்லை. கொழுந்துக் கூடையோடு மலையில் ஓடுகிறவளுக்கு இத்தனை வியாதியா?

பொய்க்காரி. டொரதிக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் வெளியே மூச்சு விடவில்லை. பாலம்மாவுக்கு என்னவாம் என்று கிளாக்கரையா வீட்டம்மா ஷாமலா மாதா கோயிலில் வைத்துக் கேட்டாள். பஸ்ஸில் இன்னொருத்தி கேட்டாள். அவளிடமே கேளுங்கள் என்று இருவரையும் டொரதி வெட்டிவிட்டாள்.

இன்றைக்கும் ஆள் சேராவிட்டால் கம்ப்யூட்டர் வேறு தோட்டத்துக்குப் போய்விடும். கண்டியில் இருந்து சொல்லியாயிற்று.

பாலம்மா கதிரையில் உட்கார்ந்தாள். "மார்புல கட்டிங்க டொக்டரம்மா."

டொக்டரின் முகம் மாறியது. கதவைச் சாத்திவிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். டொரதி பார்த்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். கட்டியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

பொறுமை அறுந்தது. "ஒனக்கு வெளையாட்டா? நெசமா கட்டி உள்ளவ எவளோ லயத்துல கெடந்து சாவா. நீ இங்க வந்து டொக்டரோட நேரத்தத் தின்னுற."

பாலம்மா கோபிக்கவில்லை. சட்டையைச் சரிசெய்தாள். போய்க் கதவைத் திறந்தாள்.

"வாங்கடி."

வாசலில் பெண்கள். படியெல்லாம் பெண்கள். பாதை வளைவு வரைக்கும் பெண்கள். முன்னால் நின்ற நிலூஷா கையை மார்போடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"கட்டி இவளுக்குங்க. நேத்துதான் வாயத் தொறந்தா. உள்ள என்ன பண்ணுவாங்கன்னு பாத்துட்டு வா, அப்புறம் வாறேன்னா. மத்த நோவுக்காரிகளும் நிக்கிறாளுக."

திரையில் டொக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பிள்ளை முதலில் வரட்டும் என்றார். மற்றவர்களையும் பார்த்து முடிக்காமல் எழும்ப மாட்டேன் என்றார். இனி அந்தக் கம்ப்யூட்டரை யார் கழற்றுவது?

டொரதிக்குக் கண் கலங்கியது. சிரிப்பும் வந்தது. "ஒருவழியா கேமராப் பயம் போயிருச்சு, இல்லையா?"

"அது யாருக்கு இருந்துச்சு?" என்றாள் பாலம்மா. "முந்தி இருந்த மிஸ்ஸி எங்க நோவையெல்லாம் கடைத்தெருவுல சொல்லிச் சிரிச்சாங்க. அதான் இவளுக வியாதியையெல்லாம் என் வியாதின்னு சொல்லிட்டு, வெளிய வருதான்னு ஒரு மாசமா காதத் தீட்டிக்கிட்டு இருந்தோம். நாங்க பயந்தது மெஷினுக்கு இல்லைங்க மிஸ்ஸி, ஒங்களுக்கு."